போலீஸ் ரேடியோவும் பொதுமக்கள் செவியும்

கொச்சி நகரத்தை அடுத்த காக்கநாட்டில் ஆகாசவாணியின் கொச்சி நிலையம் அமைந்துள்ளது. 1989ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நிலையம் 102.3 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்பி வருகிறது. அதே ஊரில்தான் எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இருக்கிறது. அதன் எதிரே செல்லும் சாலையில் போலீஸ் வண்டிகள் தம் கம்பியில்லாக் கருவிகளுடன் ஓடிக்கொண்டிருக்கின்றன. வானொலியின் பாட்டும் போலீசாரின் பேச்சும் ஒரே வானில், ஒரே கூரைகளின் மீது, ஒரே வேகத்தில் பரவுகின்றன. முதலாவது யாவரும் கேட்பதற்கென்று அனுப்பப்படுவது. இரண்டாவது சிலர் மட்டும் கேட்பதற்கென்று அனுப்பப்படுவது. ஆனால் அலை இந்த வேற்றுமையை அறியாது. ஏற்ற கருவி எங்கிருந்தாலும் அங்கே அது ஒலிக்கும்.

இவ்வாறு ஒலிக்காதபடி தடுப்பதற்கு மனிதன் கண்டறிந்த உபாயமே மறைகுறி முறை. உலகின் பல நகரங்களில் போலீஸ் ரேடியோ இப்பொழுது மறைகுறிக்கு மாறி வருகிறது. அதன் தத்துவம் யாது? அதனால் விளையும் நன்மை யாது? பொதுமக்கள் இழப்பது ஏதேனும் உண்டா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அலைக்கு வேலி இல்லை

போலீஸ் பணியில் ரேடியோ நுழைந்து ஒரு நூற்றாண்டு நிறைவடையும் தறுவாயில் இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீசார் 1928 ஏப்ரல் 7ஆம் நாள் தம் வண்டிகளுக்கு ரேடியோ வழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கினர். அந்நாளில் வண்டியிலிருந்தவர் கேட்கத்தான் முடியும். மறுமொழி சொல்ல இயலாது. இருபுறமும் பேசும் முறை 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்துப் பேயோன் நகரில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்திலிருந்தே இப்பேச்சுகளை வீட்டு ரேடியோவில் கேட்டு மகிழ்ந்தவர் பலர்.

நம் நாட்டில் மாநிலங்களின் போலீஸ் ரேடியோப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காக 1946இல் தனி இயக்ககம் ஒன்று ஏற்பட்டது. மத்திய உள்துறையின் கீழ் அது இன்றும் இயங்குகிறது.

போலீசார் பெரிதும் கையாளும் மிக உயர் அதிர்வெண் அலைகள், ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்பவை. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், தரைமட்டத்தில் அவ்வலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும். 30 மீட்டர் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை சுமார் 22 கிலோமீட்டர் எட்டும். அந்த வட்டத்துள் இருக்கும் எந்தக் கருவிக்கும் அது கிடைக்கக்கூடியதே.

‘ஸ்கேனர்’ எனப்படும் கருவி இந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. அது பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தட்டிப் பார்க்கும். பேச்சு ஒலிக்கும் அலைவரிசையில் நின்றுவிடும். பேச்சு ஓய்ந்ததும் மீண்டும் புறப்படும். தெருத்தெருவாகச் செல்லும் இரவுக் காவலர் விளக்கெரியும் வீட்டின்முன் சற்று நிற்பதை ஒத்தது இது.

மறைகுறியின் தத்துவம்

பழைய முறையில், பேசுபவரின் குரலுக்கேற்ப அலையின் அதிர்வெண் சற்றே கூடிக் குறைந்து கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்கும் கருவி எதுவும் குரலை அப்படியே தரும். இம்முறையிலும் குரலின் மேல்சுரத்தைக் கீழாகவும் கீழ்சுரத்தைமேலாகவும் புரட்டி அனுப்பும் வழக்கம் இருந்தது. பழகிய காதுக்கு அது பெரிய தடையன்று. எளிய மின்சுற்று ஒன்றே அதைத் திரும்பப் புரட்டிவிடும்.

புதிய முறையில் குரல் முதலில் எண்ணாக மாற்றப்படுகிறது. கருவி குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, அதன் சாரத்தை மட்டும் 0, 1 என்னும் இரு குறிகளின் வரிசையாகச் சுருக்குகிறது. இவ்வரிசையோடு வேறொரு வரிசையைக் கலப்பதே மறைகுறி. அந்த இரண்டாம் வரிசை ‘திறவுகோல்’ எனப்படும் இரகசிய எண்ணிலிருந்து பிறப்பது.

ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் எளிதாக விளக்கலாம். விதி இதுதான்: இரு குறிகளும் ஒன்றாயிருந்தால் 0 எழுதுக, வேறாயிருந்தால் 1 எழுதுக. செய்தி 1011 எனவும், திறவுகோல் 0110 எனவும் கொள்வோம். ஒவ்வோரிடமாக ஒப்பிட்டால் 1101 கிடைக்கும். வானில் செல்வது இதுவே. பெறுபவர் இதனுடன் அதே 0110ஐ அதே விதிப்படி ஒப்பிட்டால் மீண்டும் 1011 வந்துவிடும். திறவுகோல் இல்லாதவருக்கு 1101 என்பது பொருளற்ற இரைச்சல். மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி, மூன்றாமவன் ஒருவனை ஒற்றுக் கேட்கச் சொல்லி இதைச் செய்து காட்டினால் வகுப்பு முழுவதும் நன்கு விளங்கிக்கொள்ளும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். மறைகுறி முறையில் அலை மறைவதில்லை. போலீசார் பேசுகின்றனர் என்பதை எவரும் அறியலாம். என்ன பேசுகின்றனர் என்பதை மட்டும் அறிய இயலாது.

பூட்டின் வலிமையும் பூட்ட மறப்பதும்

திறவுகோலின் நீளமே பூட்டின் வலிமைக்கு அடிப்படை. 32 குறிகள் கொண்ட திறவுகோலுக்குச் சுமார் 429 கோடி வடிவங்கள் உண்டு. மனிதன் ஒவ்வொன்றாக முயன்றால் ஆயுள் போதாது. இன்றைய சாதாரணக் கணிப்பொறியோ சிறிது நேரத்தில் முயன்று முடித்துவிடும். குறிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும்போதெல்லாம் வேலை இருமடங்காகும். ஆகவே 128 அல்லது 256 குறிகள் கொண்ட திறவுகோலை முயன்று பார்த்தே கண்டுபிடித்தல் எந்தக் கணிப்பொறிக்கும் ஆகாத காரியம்.

ஆயினும் பூட்டின் மீது எழுதியுள்ள எண்ணை நம்பிவிடலாகாது. பல நாடுகளில் போலீசாரும் பிற பணியினரும் கையாளும் ‘டெட்ரா’ என்னும் ரேடியோ முறையில் நெடுங்காலம் நான்கு வகை மறைகுறிகள் இருந்தன. அவற்றின் உள்ளமைப்பு பல ஆண்டுகள் இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் அவற்றை அலசி 2023இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒரு வகையில், 80 குறிகள் கொண்ட திறவுகோல் உள்ளே 32 குறிகளாகக் குறுக்கப்படுவதை அவர்கள் காட்டினர். பூட்டு பெரிதாகத் தோன்றியது. உள்ளே இருந்த தாழ்ப்பாளோ சிறிது. செய்முறையை இரகசியமாக வைப்பதால் பாதுகாப்பு வந்துவிடாது, திறவுகோலை இரகசியமாக வைப்பதாலேயே வரும் என்னும் பழைய நெறி இங்கு மீண்டும் மெய்ப்பட்டது.

பூட்டு நல்லதாயினும் பூட்ட மறப்பது உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேட் பிளேஸும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வுப் பணியினர் மறைகுறிக் கருவிகளையே வைத்திருந்தனர். ஆயினும், மறைத்துப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, வெளிப்படையாகவே அவர்கள் பேசிய பேச்சுகள் பல நகரங்களில் நாள்தோறும் வானில் சென்றன. திருகு எந்த நிலையில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகப் படவில்லை. குழுவில் ஒருவரிடம் திறவுகோல் இல்லையென்றால் அனைவரும் மறைகுறியை நிறுத்திவிட்டுப் பேசினர். கருவியை வாங்குவது எளிது. பழக்கத்தை உண்டாக்குவதே அரிது என்பது இதனால் பெறப்படும்.

நம் நாட்டுச் சட்டம்

அமெரிக்காவில் போலீஸ் பேச்சை ஸ்கேனரில் கேட்பது பொதுவாகச் சட்டத்திற்கு உட்பட்டதே. நம் நாட்டு நிலை வேறு. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வீட்டு வானொலிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற்ற காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வழக்கம் 1980களில் கைவிடப்பட்டது. பழைய சட்டங்களின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டுக் கட்டங்கட்டமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்போருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அது இடமளிக்கிறது.

ஆகவே, மறைகுறி வந்ததால் இந்தியப் பொதுமக்கள் ஓர் உரிமையை இழந்துவிட்டனர் எனல் பொருந்தாது. அவ்வுரிமை இங்கு இருந்ததே இல்லை. ஆனால் வேறொரு கேள்வி எழுகிறது. பேசும் நேரத்தில் கேட்க வேண்டாம். பேசி முடிந்தபின், என்ன பேசப்பட்டது என்பதை அறிய மக்களுக்கு வழி உண்டா? இவ்விரண்டையும் வேறு வேறாகக் காண வேண்டும்.

உடனே கேட்பதன் தீமை

உடனுக்குடன் கேட்பதால் விளையும் தீமைக்கு வெளிநாட்டை நாட வேண்டியதில்லை. 2008 நவம்பர் 26ஆம் நாள் இரவு மும்பையில் தாக்குதல் நடந்தபோது, தொலைக்காட்சி நிறுவனங்கள் மீட்புப் படையினரின் நடமாட்டத்தை நேரலையாகக் காட்டின. பாகிஸ்தானிலிருந்து தாக்குதலை நடத்தியவர்கள் அதைப் பார்த்து, மும்பையிலிருந்த தம் ஆட்களுக்குத் தொலைபேசியில் கட்டளையிட்டனர். உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டு 29ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் இவ்வொளிபரப்பைக் கடுமையாகக் கண்டித்தது. வெளியில் நின்று எடுத்த படமே இத்தனை தீங்கு செய்யுமாயின், படையினரின் பேச்சு பகைவர் செவியில் விழுந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மற்றொரு தீமை, உறுதிப்படாத சொல் ஊரெங்கும் பரவுவது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குண்டுவெடிப்புக் குற்றவாளிகளைத் தேடிய இரவில், போலீஸ் ரேடியோவில் சொல்லப்பட்டதாகக் கூறி, குற்றத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற ஓர் இளைஞரின் பெயரை ஆயிரக்கணக்கானோர் பரப்பினர். ரேடியோவில் பேசப்படுவது பெரும்பாலும் ஐயமும் வினாவுமே. அது முடிந்த முடிபன்று.

மூன்றாவது காரணம் தனியுரிமை. போலீஸ் ரேடியோவில் முறையிட்டவரின் பெயர், முகவரி, நோய், குடும்பப் பூசல் யாவும் பேசப்படுகின்றன. பாலியல் குற்றத்திற்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடுவதே நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. திறந்த அலையில் இவற்றைப் பேசுவது அவ்வுரிமைக்கு இசைந்ததாகாது.

என்றுமே கேட்க இயலாமையின் தீமை

இனி நாணயத்தின் மறுபுறத்தைக் காண்போம். அதே மும்பை இரவில், காமா மருத்துவமனைக்கு அருகிலுள்ள ரங்கபவன் சந்தில் ஹேமந்த் கர்க்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர் என்னும் மூன்று போலீஸ் அதிகாரிகள் சுடப்பட்டு மாண்டனர். அவர்களுக்கு உதவி எப்பொழுது கோரப்பட்டது, எப்பொழுது அனுப்பப்பட்டது என்னும் வினாவுக்கு அசோக் காம்தேயின் மனைவி வினிதா காம்தே விடை தேடினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் பேச்சுப் பதிவுகளைக் கேட்டார். எளிதில் கிடைக்கவில்லை, விடாது முயன்று பெற்றார். அவற்றைக் கொண்டு 2009இல் ‘டு த லாஸ்ட் புல்லட்’ என்னும் நூலை மற்றொருவருடன் இணைந்து எழுதினார்.

செய்தி கட்டுப்பாட்டு அறைக்கு எட்டிய பின்னும் ஏறத்தாழ 40 நிமிடம் உதவி வரவில்லை என்பது அவர் அந்நூலில் எழுப்பிய குறை. அவ்வறையின் பொறுப்பிலிருந்த அதிகாரி அக்குற்றச்சாட்டை மறுத்தார். வெவ்வேறு சமயங்களில் தரப்பட்ட பதிவுகளிடையே வேறுபாடு இருந்தது பற்றி விசாரிக்க வேண்டும் என 2014இல் மகாராஷ்டிர மாநிலத் தகவல் ஆணையம் கருதியது. யார் கூற்று சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. கணவரை இழந்த ஒரு பெண் கேட்ட கேள்வியை ஊகத்தின்மேல் அன்றி, நேரமும் சொல்லும் குறித்த ஆவணத்தின்மேல் வைத்து ஆராய முடிந்தது என்பதே நாம் கருதத்தக்கது. பதிவு இல்லையேல் குற்றம் சாட்டியவருக்கும் ஆதாரமில்லை, மறுத்தவருக்கும் ஆதாரமில்லை.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ரேடியோப் பேச்சு மறைகுறியில் சென்றால் பதிவு இருக்காது என்று சிலர் எண்ணுவர். அது தவறு. திறவுகோல் உள்ள கட்டுப்பாட்டு அறை, மறை நீங்கிய குரலை நாள், மணி, நிமிடத்துடன் சேமித்து வைக்க இயலும். எண் முறைக் கருவிகளில் எந்தக் கருவி பேசியது என்பதைக்கூடக் குறிக்கலாம். எனவே மறைகுறியும் பொறுப்புடைமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. திறந்த அலையை வெளியார் பலரும் பதிவு செய்யலாம். மூடிய அலையின் பதிவு ஒரே இடத்தில்தான் இருக்கும். அது அழிந்தால், அல்லது மாறினால், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி இராது. ஆகவே அலையை மூடுந்தோறும் பதிவைக் காக்கும் கடமை பெருகுகிறது.

இரண்டுக்கும் நடுவே வழி காண முயன்ற நகரங்களும் உள. சிகாகோ நகரம் 2022இல் மறைகுறிக்கு மாறத் தொடங்கியபோது, பேச்சை 30 நிமிடம் தாமதித்துப் பொதுமக்களுக்கு வெளியிடும் ஏற்பாட்டைச் செய்தது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் 2021 ஜனவரியில் அலையை முற்றிலும் மூடிற்று. மக்களும் பத்திரிகையாளரும் குறைகூறவே, 2022 செப்டம்பரில் மீண்டும் திறந்துவிட்டது. தனிமனிதரின் விவரங்களை மட்டும் வேறு வழியில் பேசிக்கொள்வது அங்குக் கையாளப்பட்ட முறை.

திறவுகோல் யார் கையில்?

பேரிடர்க் காலத்தில் மூடிய அலை வேறொரு சிக்கலை உண்டாக்கும். 2018 ஆகஸ்டு மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, சுமார் 14 இலட்சம் பேர் தம் வீடுகளை விட்டு நீங்க நேர்ந்தது. எர்ணாகுளம் மாவட்டத்தில் ஆலுவாவும் பறவூரும் நீரில் மூழ்கின. கொச்சி விமான நிலையம் ஆகஸ்டு 15 முதல் 29 வரை இயங்கவில்லை. கடற்படையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் போலீசாரும் தீயணைப்புப் படையினரும் தம் படகுகளுடன் வந்த மீனவர்களும் ஒரே வெள்ளத்தில் நின்று பணியாற்றினர். இத்தகைய வேளையில் ஒவ்வொரு படையும் தனித்தனித் திறவுகோலை வைத்துக்கொண்டால், அருகருகே நிற்பவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க இயலாது. ஆகவே, எல்லாப் பணியினருக்கும் பொதுவான திறந்த அலைவரிசை ஒன்றை முன்கூட்டியே குறித்து வைத்தலும், அதில் பேசிப் பழகுதலும் இன்றியமையாதவை.

திறந்த அலையின் பயனுக்கு அமெச்சூர் ரேடியோவே சிறந்த சான்று. பொருளை மறைக்கும் குறிகளில் பிற நாட்டு நிலையங்களோடு பேசுதல் அமெச்சூர்களுக்குச் சர்வதேச விதிகளால் விலக்கப்பட்டது. அவர்கள் பேச்சை எவரும் கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் நேர்ந்தபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணி ஓர் அமெச்சூர்க் குழுவுடன் அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் ஓய்ந்த நிலையில், அக்குழுவின் ரேடியோ வழியே தீவுகளின் செய்தி பெருநிலத்தை அடைந்தது. கேட்பவர் எங்கே இருப்பார் என்று தெரியாத வேளையில், யாவரும் கேட்கும்படி பேசுவதே உயிர்காக்கும் வழி.

நாம் செய்யத்தக்கவை

களப்பணியாளரும் ஆசிரியரும் கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளுதல் நலம்.

முதலாவது, ‘வாக்கி டாக்கி’ கருவிகளை விளம்பரத்தைக் கண்ட மாத்திரத்தில் வாங்கிவிடலாகாது. குறைந்த திறனுடைய, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள கருவிகளுக்கே 2018ஆம் ஆண்டு விதிகள் உரிமத்திலிருந்து விலக்களித்தன. ஏனையவற்றிற்கு உரிமம் தேவை. இக்கருவிகளின் முறையற்ற விற்பனையைத் தடுக்க 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இரண்டாவது, ரேடியோவில் ஆர்வமுடைய மாணவர்களை அமெச்சூர் உரிமத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தலாம். ஒளிந்து கேட்கும் ஆசையை முறையாகக் கற்கும் ஆர்வமாக மாற்றுவது ஆசிரியரால் ஆகக்கூடியதே.

மூன்றாவது, ‘போலீஸ் வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்’ என்று வரும் செய்தியை அதிகாரபூர்வமான அறிவிப்பு வரும்வரை பரப்பலாகாது.

நான்காவது, உதவி கோரிய நேரத்திற்கும் உதவி வந்த நேரத்திற்கும் இடையே குறை நேர்ந்ததாகக் கருதினால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கட்டுப்பாட்டு அறைப் பதிவின் நகலைக் கேட்கலாம். நாள், மணி, இடம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பதிவுகள் என்றென்றும் வைக்கப்படுவதில்லையாதலால் காலந்தாழ்த்தலாகாது. உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் புலனாய்வுக்குத் தடையாவதுமான விவரங்களை மறுக்கச் சட்டத்தின் எட்டாம் பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் பொதுநலன் மேலோங்கி நின்றால் அவற்றையும் தரலாம் என்று அதே பிரிவு கூறுகிறது.

காக்கநாட்டு வானில் இரு வகை அலைகளும் இன்றும் சேர்ந்தே பரவுகின்றன. ஆகாசவாணியின் குரல் எப்பொழுதும் யாவருக்கும் உரியது. போலீசாரின் குரல் பேசும் நேரத்தில் அவர்களுக்கே உரியதாயிருக்கலாம். அவர் உயிரும் பிறர் உயிரும் அதில் அடங்கியுள்ளன. ஆனால் ஆபத்து நீங்கியபின், அக்குரலின் பதிவு மக்களுக்கும் உரியதே. பூட்டை நன்றாகச் செய்வது விஞ்ஞானிகளின் பணி. பூட்டியதை எப்பொழுது, யாருக்குத் திறப்பது என்று வகுப்பதோ நம் அனைவரின் பணி.